நிற்கிற மெஷினைக் காணப் பொறுக்காதவர்

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. இத்தனை வருடம் கழித்தும், இத்தனை தொழிற்சாலைகளைப் பார்த்த பிறகும். கும்பகோணத்தை ஒட்டிய தொழிற்பேட்டையில், பம்புக்கான உதிரிபாகம் செய்கிற ஒரு ஷெட்டில் அவர் ஃபோர்மேன். நான் தஞ்சாவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்த இன்ஜினியர். நாற்பது பேர் வேலை பார்த்த இடத்தில் நான் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் எல்லாம் என்னை மேடம் என்று கூப்பிடப் பழகிக்கொண்டார்கள். அவர் கடைசிவரை "ஏம்மா" தான்.

அவருக்கு ஆகாத விஷயம் ஒன்றே ஒன்று. மெஷின் சும்மா நிற்கக் கூடாது. லேத் ஓட்டுகிறவன் டீ குடிக்கப் போனால், இவர் சத்தமில்லாமல் போய் அந்த லேத்தில் நின்றுகொள்வார். அவன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் மூன்று உருப்படி கடைந்து கீழே வைத்திருப்பார். யாருக்கு வேண்டும், எப்போது வேண்டும் என்ற கேள்வியே கிடையாது. "கையும் சும்மா இருக்கு, கரண்டும் இருக்கு. அப்பறம் என்னம்மா?" என்பார். அந்த 'அப்புறம் என்ன'வுக்கு நான் படித்த படிப்பில் பதில் இருந்தது. அதை அவர் காதில் போடுவதற்குத்தான் வழி இல்லை.

வீட்டிலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. குடவாசலில் அவர் மகளுக்குக் காது குத்தினார்கள் என்று ஷெட்டில் எல்லோரும் போயிருந்தோம். இலை போட்டதும் இட்லி வந்தது. இரண்டாவது தடவையும் இட்லி. பிறகு ஊத்தப்பம், பிறகு பணியாரம். அவர் மனைவி பரிமாறிக்கொண்டே என்னிடம் குனிந்து, "தப்பா நெனச்சுக்காதீங்க. போன வாரம் பூரா கரண்டு நிக்காம இருந்துச்சு. இவரு கிரைண்டர நிறுத்தவே விடல. அந்த மாவு இன்னும் தீரல" என்றார். அவர் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்து, தன்னைப் பாராட்டியதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் சேர்ந்த காலம் தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தன. எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த சென்னைக் கம்பெனியும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு சேர்ந்துகொண்டது. அதுவரை மாதத்துக்கு ஒருமுறை லாரி நிறைய பம்பு உடல்களை ஏற்றி அனுப்புவோம், அவர்களும் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இப்போது கடிதம் வந்தது. இனிமேல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும். வரைபடத்தை மாற்றினால் இரண்டே நாளில் புது மாதிரி வர வேண்டும். ஒரு மாதம் சோதனை. தேறினால் மூன்று வருட ஆர்டர், தேறாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள்.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார். "இந்த ஆர்டர் போனா ஷெட்ட மூட வேண்டியதுதான். நாப்பது குடும்பம். ரெண்டு பேரும் பாத்து ஏதாவது பண்ணுங்க" என்றார்.

என்ன பண்ண வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஷெட்டில் லேத்துகள் எல்லாம் ஒரு வரிசை, துளை போடும் மெஷின்கள் எல்லாம் ஒரு வரிசை, உள்ளே மரை போடும் மெஷின்கள் எல்லாம் இன்னொரு வரிசை. ஒரு பம்பு உடல் வார்ப்பாக உள்ளே வந்து முடிந்து வெளியே போவதற்குள் ஷெட்டை நாலு தடவை சுற்றும். ஒவ்வொரு வரிசையின் முன்னாலும் குவியலில் நாள் கணக்கில் கிடக்கும். மெஷினில் இருப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. மிச்சம் முப்பது நாளும் தரையில் படுத்திருக்கும். இதற்குப் பதில், அந்த ஒரு பொருளுக்கு வேண்டிய மெஷின்களை மட்டும் பிரித்தெடுத்து, வேலை நடக்கிற வரிசைப்படி பக்கத்தில் பக்கத்தில் லாடம் மாதிரி வளைத்து நிறுத்த வேண்டும். ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு ஒவ்வொன்றாகப் போக வேண்டும். புத்தகத்தில் இதற்குப் பெயர் செல். எங்கள் ஆட்கள் 'லாடம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மெஷின்களை இடம் மாற்றுவதற்கு அவர்தான் முட்டுக்கட்டை போடுவார் என்று பயந்தேன். அநியாயமாகப் பேசக் கூடாது, அதை அவர் செய்ததுபோல வேறு யாரும் செய்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கரண்டை நிறுத்திவிட்டு, இரும்புக் குழாய்களை அடியில் உருட்டிவிட்டு, கடப்பாரை போட்டு நெம்பி, இரண்டு லேத், ஒரு துளை மெஷின், ஒரு மரை மெஷின் நான்கையும் நான் சாக்பீஸால் வரைந்த கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். மட்டப்பலகை வைத்துத் தரையோடு கன்னத்தை ஒட்டிப் படுத்துப் பார்த்தார். ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலுக்குப் போகாமல் வந்திருந்த என்னைப் பார்த்து, "சாமிகிட்ட லீவு சொல்லிட்டியாம்மா? ராத்திரிக்குள்ள கரண்டு குடுத்துடலாம், ஒரு ஷிப்டாவது ஓட்டலாம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டது. லாடத்தில் மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவே தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு சதுரம் போட்டிருந்தேன். அதில் ஐந்து உருப்படிதான் இருக்கலாம். சதுரம் நிறைந்துவிட்டால் முன்னால் இருக்கிற மெஷின் நின்றுவிட வேண்டும், அடுத்தவர் எடுத்தால்தான் மறுபடி ஓட வேண்டும். லேத்தில் வேலை சீக்கிரம் முடியும். மரை போடுவது மெதுவான வேலை. ஆகவே லேத் அடிக்கடி நிற்கத்தான் செய்யும், நிற்க வேண்டும். அதுதான் இதில் முக்கியம் என்று அவருக்குப் படம் போட்டுச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்மா, நல்லா ஓடற லேத்த நிறுத்தி வைக்கறதுக்கு இன்னிக்கு என்ன ஆயுத பூஜையா?" என்றார்.

ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அதற்குப் பிறகு லேத் நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவன், "மேடம், ஆயுத பூஜை!" என்று குரல் கொடுப்பான். ஒருநாள் காலை வந்து பார்த்தால், அந்த லேத்தின் நெற்றியில் சந்தனம் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பமும் சுற்றியிருந்தது. யார் செய்தது என்று கேட்கத் தேவையில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அதைத் துடைத்து எறிந்திருப்பேன். ஆனால் வேதக்காரப் பெண் குங்குமத்தைத் துடைத்தாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் என்ன ஆகும்? கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்று நாள் அந்த லேத் என்னைப் பார்த்தபடி பொட்டோடு நின்றது.

கேலியோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேன். சதுரத்தில் ஐந்துதான் இருந்தன, கணக்குச் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் வார்ப்புகள் சீக்கிரம் தீர்ந்துகொண்டிருந்தன. தேடினேன். ஷெட்டின் கோடியில், லாடத்தில் சேர்க்காமல் விட்டிருந்த பழைய துளை மெஷினுக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தால் கடைந்து, துளை போட்டு, எண்ணெய் தடவி அடுக்கிய பம்பு உடல்கள். சாப்பாட்டு நேரத்திலும், ஷிப்டுக்கு முன்னால் அரைமணி நேரமும் அவரே நின்று செய்தவை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இன்னொரு அடுக்கு. சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், பழைய டயர்களுக்கு நடுவில் இன்னொன்று. நான் சாக்கைக் கையில் பிடித்தபடி அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, என்ன இது?"

"இருக்கட்டும்மா. திங்கவா கேக்குது?"

"கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்? இதுல ஒரு தப்பு இருந்தா அத்தனையும் தப்பு. அஞ்சே அஞ்சு இருந்தா அஞ்சோட போயிடும்."

"தப்பு ஏம்மா வரப்போவுது? என் கையால பண்ணது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நீ சொல்றது புரியாம இல்ல. ஆனா பாரு, ஆத்துல தண்ணி வர்றப்பவே வாங்கி வயல்ல நிறுத்திக்கணும். நாளைக்கு வரும்னு மடைய மூடி வச்சா, நாளைக்கு மேல்மடைக்காரன் விடுவானா?"

"நிறுத்தி நிறுத்தி வச்சா பயிர் அழுகாதா?"

"அழுகினா மறுநடவு நட்டுக்கலாம். காஞ்சுபோனத என்ன செய்யறது?" அவர் லாடத்தில் நின்ற நாலு பேரையும் கண்ணால் காட்டினார். "இந்த நாலு பேருல மூணு பேரு பாஸ்போர்ட் எடுத்து வச்சிருக்கான். சிங்கப்பூர்லேர்ந்து ஒரு போன் வந்தா பொட்டியத் தூக்கிட்டுப் போயிடுவான். ஆளு இருக்கறப்ப அடிச்சு வச்சாத்தான் உண்டு. ஒருத்தன் போனா உன் லாடம் மொத்தமும் படுத்துக்கும், தெரியுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது. அதற்குச் சரியான பதில், நாலு பேருக்கும் நாலு வேலையையும் பழக்கிவைப்பது. அதை அவரோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம், அவரைவிட நன்றாகப் பழக்குகிறவர் அங்கே யாரும் இல்லை. நான் என்ன செய்தேன்? முதலாளியிடம் போய்ப் புகார் சொன்னேன். முதலாளி கேட்டுவிட்டு, "அவரு இருக்காரேன்னுதாம்மா நான் வீட்ல நிம்மதியாத் தூங்கறேன். கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றார்.

அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. வணக்கம் உண்டு. ஆனால் லாடத்தில் எது நடந்தாலும் நேராக அந்த நாலு பேரிடம் சொல்வேன், அவர் தலைக்கு மேலேயே. அவர் பக்கத்தில் வந்து நின்றால் பேச்சை முடித்துக்கொள்வேன். இரண்டொரு தடவை, "என்னம்மா புதுசா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

சோதனை மாதத்தின் மூன்றாவது வாரம் சென்னையிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. பம்பு உடலில் ஆறு துளை. அதில் ஒன்றை மட்டும் மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போட வேண்டும். நாங்கள் இரண்டு நாளில் மாற்றுகிறோமா என்று பார்ப்பதற்காகவே அனுப்பிய மாற்றம் அது. துளை சரியான இடத்தில் விழுவதற்கு உருப்படியின் மேல் மாட்டுகிற இரும்பு அச்சு ஒன்று உண்டு. அதைப் புதிதாகச் செய்துவாங்கி ஒன்றரை நாளில் லாடத்தில் மாட்டிவிட்டேன். லாடத்திலிருந்து பழைய வரைபடத்தில் பிறகு ஒரு உருப்படிகூடப் போகவில்லை. சென்னையிலிருந்து பாராட்டிப் போன் வந்தது. நான் காற்றில் நடந்தேன்.

லாடத்து ஆட்கள், ஃபோர்மேனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று இருந்துவிட்டார்கள். அந்த மாற்றத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. மறந்தேன் என்று இங்கே எழுதிவிடலாம், யார் வந்து கேட்கப்போகிறார்கள். மறக்கவில்லை. வாய்வரை வந்தது. பழைய அச்சு கோடி மெஷின் பக்கத்து அலமாரியில் இருந்ததும் தெரியும். சாக்குக்கு அடியில் அவர் இன்னமும் அடுக்கிக்கொண்டிருப்பார் என்பதும் தெரியும். அடுக்கட்டும், ஒருநாள் அத்தனையும் வீணாகும்போது என் அருமை தெரியட்டும் என்று நினைத்தேன். வீணாவது ஷெட்டுக்குள்ளேயே நடக்கும், வார்ப்பு நஷ்டத்தோடு போகும் என்றுதான் என் கணக்கு.

சோதனை முடிய நாலு நாள் இருக்கும்போது என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று வருட ஒப்பந்தத்தை எழுதுவதற்கு முன்னால் பேச வேண்டும் என்றார்கள். நான் சென்னையில் இருந்த முதல் நாள், மரை போடுகிற ஆளுக்கு சிங்கப்பூர் விசா வந்துவிட்டது. காலையில் ஷெட்டுக்கு வந்து எல்லோர் கையையும் பிடித்துவிட்டுப் போய்விட்டான். லாடத்தில் அவனைத் தவிர மரை போடப் பழகியவர் யாரும் இல்லை. ஃபோர்மேன் சொன்னபடியே லாடம் மொத்தமும் படுத்துக்கொண்டது. முதலாளி ஒரு கல்யாணத்துக்காக நாகப்பட்டினம் போயிருந்தார்.

சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தபோது ஆபீஸ் கிளார்க்தான் எடுத்தார். "கவலையே படாதீங்க மேடம். பாதி நாள் போயிடுச்சு, இனி லாடத்த ஓட்டி எண்ணிக்கை வராதுன்னு ஃபோர்மேன் அவரு எடுத்து வச்சிருந்ததெல்லாம் வெளிய கொண்டாந்து, அவரே மெஷின்ல உக்காந்து மரை போட்டு முடிச்சுட்டாரு. சோறுகூடத் திங்கல மனுஷன். வேன் கெளம்பிருச்சு" என்றார். நான் அன்றைக்கு அவரை மனசாரப் பாராட்டினேன் என்றால் நம்புவீர்களா? சரக்கு போய்விட்டது என்ற நிம்மதியில் துளையின் ஞாபகமே எனக்கு வரவில்லை.

மறுநாள் காலை சென்னைக் கம்பெனியில் சரக்கு இறக்குகிற மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வேன் வந்தது. பெட்டியைத் திறந்து ஒரு பம்பு உடலை எடுத்தார்கள். பளபளவென்று, ஒரு பிசிர் இல்லாமல், எண்ணெய் தடவி, செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றியிருந்தது. எங்கள் ஷெட்டிலிருந்து அவ்வளவு அழகான உருப்படிகள் போனதே இல்லை. பரிசோதிக்கிறவர் அதை, ஆறு துளைக்கும் ஆறு ஊசி வைத்த அளவுப் பலகையில் வைத்தார். ஐந்து ஊசி இறங்கியது. ஆறாவது இறங்கவில்லை. இன்னொன்றை எடுத்தார். எனக்கு இரண்டாவதைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அன்று மத்தியானம் அவர்கள் பம்பு லைன் நின்றது. மேனேஜர் கோபமாகக்கூடப் பேசவில்லை. "வேற எடத்துல குடுத்துட்டோம்மா. முடிஞ்சுபோச்சு. ஃபைலுக்கு மட்டும் ஒரு ரிப்போர்ட் வேணும், என்ன நடந்துச்சுன்னு எழுதி சம்பந்தப்பட்டவங்க கையெழுத்தோட அனுப்பிருங்க" என்றார்.

கும்பகோணம் வந்து இறங்கியபோது, அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கிவைத்திருந்தேன். அவரோ ஷெட் வாசலிலேயே நின்றிருந்தார். கையில் பழைய வரைபடம். ஒவ்வொரு உருப்படியையும் அதை வைத்து அளந்துபார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார். எண்ணெய்க் கறை பட்ட அந்தத் தாளை என் முன்னால் விரித்தார்.

"இதுல இருக்கறபடி அச்சு அசலா இருக்கேம்மா. எங்க தப்பு?"

"துளைய மாத்திட்டாங்கண்ணே. ஃபேக்ஸ் வந்துச்சு."

"எப்ப?"

"போன வாரம்."

அவர் தாளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

நான் பதில் சொல்வதற்குள் முதலாளி உள்ளே கூப்பிட்டுவிட்டார். மேஜைக்கு இந்தப் பக்கம் இருவரும் நின்றோம். முதலாளிக்கு நடந்தது அதற்குள் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார். "துளை மாறினத இவருகிட்ட சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்" என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று எனக்குத் தெரியாது. முப்பது வருடமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஃபோர்மேன் திரும்பி என்னைப் பார்த்தார். இப்போது வாயைத் திறப்பார், என் வண்டவாளம் தண்டவாளம் ஏறும் என்று நினைத்தேன். ஏறினால் நல்லது என்றுகூட ஒரு நொடி இருந்தது.

"சொல்லியிருப்பாங்க. மெஷின் சத்தத்துல எனக்குத்தான் காதுல விழுந்திருக்காது" என்றார் முதலாளியிடம்.

முதன்முதலாக என்னை 'ங்க' போட்டுச் சொன்னது அப்போதுதான். எனக்கு வந்தது நன்றி இல்லை, ஆத்திரம். கத்தியிருக்கலாமே இந்த மனிதர். பொய் சொல்றியே என்று முதலாளி முன்னாலேயே கேட்டிருக்கலாமே. நிற்கிற மெஷினுக்காக என்னோடு மல்லுக்கு நின்றவருக்குத் தனக்காக ஒரு வார்த்தை பேச வராதா?

ரிப்போர்ட்டை அன்று மத்தியானமே இங்கிலீஷில் டைப் அடித்தேன். 'காரணம்' என்ற கட்டத்தில், வரைபட மாற்றம் தெரிவிக்கப்பட்டும் ஃபோர்மேன் பின்பற்றவில்லை என்று ஒரு வரி. அவர் கையெழுத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். லாடத்துக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். இங்கிலீஷ் அவருக்குப் படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அதை அவர் கேட்கவில்லை.

"இதுல கையெழுத்துப் போட்டா ஆர்டர் திரும்ப வருமாம்மா?" என்றார்.

வராது என்று எனக்குத் தெரியும். அந்த மேனேஜர் சொல்லி ஒருநாள்கூட முழுதாக ஆகவில்லை.

"வரலாம்ணே" என்றேன்.

அவர் எண்ணெய்க் கையை வேட்டியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு, என் பேனாவை வாங்கி, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் முழுப்பெயரையும் எழுதினார்.